சிகிச்சை முடிந்த பின் புதிதாக முளைக்கும் மரு: பயத்தில் செய்யும் தவறுகள்

தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு, உடம்பில் எது முளைத்தாலும் "மறுபடியும் வந்துடுச்சோ" என்றுதான் முதலில் தோன்றும். இதை வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருமுறை வந்தவருக்கு இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான். சிக்கல், அந்தப் பயத்தைத் தணிக்கச் செய்யும் காரியங்களில் இருக்கிறது. புதிதாகச் சிகிச்சை முடித்து வருகிறவர்கள் அதே ஐந்தாறு தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். குடை பிடியுங்கள், உச்சி வெயிலில் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அது இங்கே வேண்டாம்.

என்னவென்று தெரியாமலே எடுத்துவிடுவது

பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும் தவறு இது. சென்னையில் "மரு, மச்சம் வலியின்றி நீக்கப்படும்" என்ற போர்டுக்குப் பஞ்சமே இல்லை. காட்டரி (சூட்டால் கருக்கும் கருவி) முனையை வைத்தோ லேசர் அடித்தோ ஐந்து நிமிஷத்தில் கருக்கிவிடுவார்கள். அந்தச் செலவும் வேண்டாம் என்றால் வீட்டு வைத்தியம்: சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைப்பது, அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவது, தலைமுடியால் சுருக்குப் போட்டுக் கட்டுவது. மரு விழுந்துவிடும், பயமும் போய்விடும். பயம் போய்விட்டதால் அடுத்த செக்கப்புக்கும் போக மாட்டார்கள்.

கருகிப்போன திசுவை எந்த நோய்க்குறியியல் நிபுணராலும் படிக்க முடியாது. மேலே உள்ளது உதிர்ந்து தழும்பு மூடிக்கொண்ட பிறகு அடியில் மிச்சமிருப்பது வளர்ந்தால், வெளியே தெரிவதற்குள் ஆழமாகப் போயிருக்கும். மெலனோமாவாக (தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும், பரவக்கூடிய புற்றுநோய்) இருந்தால் நஷ்டம் இன்னும் பெரியது. அதற்கு எத்தனை சென்டிமீட்டர் சுற்றி வெட்டுவது, நெறிக்கட்டைச் (நிணநீர் முடிச்சை) சோதிப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அதன் தடிமனை மில்லிமீட்டரில் அளந்துதான் முடிவாகும். கருக்கிய பிறகு அளக்க எதுவும் இருக்காது. நம் நிறத்தில் பேசல் செல் என்ற தோல் புற்றுநோய் வகைகூடப் பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருக்கும். அழகு நிலையத்துக் கண்ணாடியில் பார்த்தால் சாதாரண மச்சம் மாதிரியே தெரியும்.

"கத்தி பட்டா பரவிடும்" என்ற பேச்சுதான் பலரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. பயாப்ஸி, அதாவது சோதனைக்குத் திசு எடுப்பதால் தோல் புற்றுநோய் பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் சிறு துண்டு எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். மெலனோமா சந்தேகம் இருந்தால், முடிந்தவரை சிறிய ஓரம் விட்டு முழுதாக எடுப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

அதிலும் கோட்டை விடுகிற இடங்கள் உண்டு. பாட்டிலைக் கையில் கொடுத்து "லேப்ல குடுத்துடுங்க" என்று அனுப்பினால், உள்ளே இருப்பது சலைனா (உப்புநீர்) ஃபார்மலினா (திசு கெடாமல் காக்கும் திரவம்) என்று கேளுங்கள். 10 சதவீத ஃபார்மலின், திசுவைப்போல் குறைந்தது 10 மடங்கு அளவில் இருக்க வேண்டும். சலைனில் கிடந்தால் செல்கள் சிதையத் தொடங்கிவிடும். பெயரும் எடுத்த இடமும் மூடியில் மட்டும் இருந்தால் போதாது, பாட்டில் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். விண்ணப்பத் தாளில் பழைய புற்றுநோயின் வகை, வருஷம், இடம் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் படிப்பவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். பழைய ஸ்லைடுகளையும் திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்திருந்தால், மருத்துவமனை மாறினாலும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

இதற்காக முளைத்ததையெல்லாம் வெட்டச் சொல்ல வேண்டியதில்லை. தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தே பலவற்றைச் சாதாரணம் என்று சொல்லிவிடுவார். அவர் பார்த்துச் சொன்ன பிறகு எடுங்கள்.

தினமும் தடவித் தடவிப் பார்ப்பது

தினம் பார்த்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. நோண்டி நோண்டிச் சிவந்தால் அதுவே புதுப் பயமாகிவிடும். மாதம் ஒருமுறை போதும். குளித்த பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில், ஆளுயரக் கண்ணாடியும் கைக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு பாருங்கள். காது மடலின் பின்பக்கம், விரலிடுக்கு, உள்ளங்கால், அந்தரங்கப் பகுதி எதையும் விட வேண்டாம். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். மெட்டியைக் கழற்றுங்கள். நகப்பூச்சையும் எடுத்துவிடுங்கள்; மருதாணிச் சிவப்பு இருக்கும்வரை நகத்தை நம்ப முடியாது. பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடு நம்மவர்களுக்குச் சகஜம். ஒரே நகத்தில் வந்து, அகலமாகி, நகக்கண் தோலிலும் கறுப்பு பரவினால் காட்டியாக வேண்டும். திருப்பதியிலோ பழனியிலோ மொட்டை போட்டால், உச்சந்தலையைப் பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

சந்தேகப்பட்டதன் பக்கத்தில் டெய்லர் டேப்பை வைத்துப் படமெடுத்து, 14 நாள் கழித்து அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் இன்னொன்று எடுங்கள். ரத்தம் கசிந்தாலோ, புண்ணாகி ஆறாவிட்டாலோ, கெட்டியாகப் புடைத்து வளர்ந்தாலோ, பழைய தழும்பின் மேலேயே முளைத்தாலோ அந்த 14 நாள் கணக்கு பொருந்தாது. உடனே போங்கள்.

மே மாதத்தில் அலறுவது

அக்னி நட்சத்திரத்தில் வேர்க்குருவும் வேனல் கட்டியும் வராத ஆள் சென்னையில் குறைவு. ஓரிரு நாளில் சிவந்து, வலித்து, சீழ் வைத்து வடிகிற கட்டி பெரும்பாலும் கிருமித் தொற்று. வலியே இல்லாமல் வாரக்கணக்கில் வளர்வதுதான் கவனிக்க வேண்டியது. அறுவைத் தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து மேடாக இருப்பதும், தையல் முடிச்சு மேல் சின்னக் கொப்புளம் வருவதும் உண்டு. அது முத்துபோல் பளபளத்தாலோ நடுவில் குழிந்து பொருக்குத் தட்டினாலோ காட்டுங்கள்.

ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் நம்புவது

சில மில்லிமீட்டர் தோல் கட்டியைப் பெட் ஸ்கேன் தவறவிடும். பேசல் செல், ஸ்குவாமஸ் செல் தோல் புற்றுநோய்களுக்கு நம்பி எடுக்கக்கூடிய ரத்த மார்க்கர் (ரத்தத்தில் நோயைக் காட்டும் அளவு) வழக்கத்தில் இல்லை.

"பொண்ணு கல்யாணம் முடியட்டும்"

இப்படிச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.

ராத்திரித் தூக்கம் போனதை டாக்டரிடம் மறைப்பது

செக்கப்புக்கு ஒரு வாரம் முன்பே வயிற்றைக் கலக்குவது சகஜம். அது முடிந்த பிறகும் தூக்கமில்லை, வீட்டாரிடம் "இதைப் பாரேன்" என்று ஒரு நாளில் பத்து முறை கேட்கிறீர்கள் என்றால், அதையும் நோய் விவரத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

செக்கப்புக்குக் கிளம்புமுன், சந்தேகமான ஒவ்வொன்றையும் பால்பாயின்ட் பேனாவால் சுற்றி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சட்டையைக் கழற்றியதும் எது எங்கே என்று மறந்துவிடும். டாக்டர் "ஒண்ணுமில்ல" என்றால், எது எப்படி மாறினால் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும் என்று கேட்டு, அதை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.