இருபது வயது டர்போ காரை நெல்லை வெயிலில் காப்பாற்றுவது எப்படி

2000-களின் நடுவில் இந்தியாவில் விற்பனையான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார்களுக்கு இப்போது இருபது வயது. 1.8 லிட்டர் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி), சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன், இரும்பு பிளாக். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் இந்த எஞ்சின் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் திடமாக ஓடும். கெடுவது அதைச் சுற்றியிருக்கிற ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். ஓடாமல் நின்றாலும் அவை வெயிலில் வெந்து உதிரும். ஆகவே "வண்டி 60,000தான் ஓடியிருக்கு" என்று சொல்லி விற்பவரிடம், டைமிங் பெல்ட் (வால்வுகளை பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்கும் ரப்பர் பட்டை) கடைசியாக எந்த வருடம் மாற்றியது என்று கேளுங்கள்.

பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். வளைந்த வால்வுகளை மாற்ற எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டும். அந்தச் செலவு காரின் விலையை எட்டிப் பிடிக்கும். 90,000 கி.மீ. அல்லது ஐந்து வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுவது நல்லது. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடக் கூடாது. டென்ஷனர் ரோலர், அதைத் தாங்கும் ஹைட்ராலிக் டேம்பர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், வெளிப்புற பெல்ட் என எல்லாவற்றையும் அப்போதே மாற்றுங்கள். பழைய பம்புகளில் உள்ளே இருக்கும் விசிறி பிளாஸ்டிக். அது தண்டிலிருந்து விடுபட்டால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, எஞ்சின் மட்டும் கொதிக்கும். உலோக விசிறி உள்ள பம்பாகக் கேட்டு வாங்குங்கள். இத்தனையையும் கழற்றி மாட்டும் கூலி ஒரே தடவைதான். பம்புக்காக ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

கூலண்ட் விஷயத்தில் நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு, அவசரத்துக்கு போர் தண்ணீர் ஊற்றுவது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டரிலும் ஹீட்டர் கோரிலும் படிந்து அடைத்துவிடும். இளஞ்சிவப்பு ஜி12 கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். பழைய பச்சை, நீல வகையோடு ஜி12-ஐக் கலந்தால் பழுப்புச் சேறாகிவிடும். டேஷ்போர்டு முள்ளை முழுக்க நம்ப வேண்டாம்: சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் 90-லேயே நிற்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். அது நடுவைத் தாண்டினால் வண்டியை உடனே ஓரம் கட்டுங்கள். காரின் கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும் சின்ன ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை மாட்டி, உண்மையான டிகிரியைப் பார்த்துப் பழகுவது நல்லது.

ஆயில் 4.5 லிட்டர். முழு சிந்தெடிக் 5டபிள்யூ-40, டப்பாவில் வி.டபிள்யூ 502 00 என்று அச்சிட்டிருக்க வேண்டும். 7,500 கி.மீ. அல்லது ஒரு வருடத்தில் ஃபில்டரோடு மாற்றுங்கள். டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. நான்கு வழிச்சாலையில் விரட்டி வந்து நாங்குநேரி டோல்கேட் தாண்டிய டீக்கடையில் சட்டென்று சாவியைத் திருப்பினால், அந்தச் சூட்டில் ஆயில் கரியாகி பேரிங்கில் ஒட்டும். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தாலே போதும். அதே கரி எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இறங்கி, ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையை அடைக்கும். வண்டியின் வரலாறு தெரியாவிட்டால் ஒருமுறை சம்ப்பைக் கழற்றி அந்த வலையைப் பார்த்துவிடுங்கள். சம்ப் அலுமினியம். ஊருக்குள் கூம்பு போல் போட்டிருக்கும் வேகத்தடையில் இடித்தால் விரிசல் விடும். வேகத்தடையில் நேராக அல்லாமல் சாய்வாக ஏறி இறங்குங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் வீடு வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

வண்டி இழுவை குறைந்து, ஐடிலிங் ஏறி இறங்கி, ஆக்சிலேட்டர் மிதிக்கையில் 'உஸ்' என்று சத்தம் வந்தால் டர்போ போய்விட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். அதற்குள் டர்போவைக் கழற்ற விடாதீர்கள். பெரும்பாலும் வெடித்த வேக்குவம் ஹோஸ், நொறுங்கிய கிரான்க்கேஸ் ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்), கிழிந்த டைவர்ட்டர் வால்வு (ஆக்சிலேட்டரை விட்டதும் டர்போவின் காற்றழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு) ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். புகை அடித்துச் சோதித்தால் கசியும் இடம் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். இக்னிஷன் காயில் ஒன்று போனால் நான்கையும் மாற்றி, நல்ல பழையதை டிக்கியில் போட்டு வையுங்கள். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.8 மி.மீ., அதை இறுக்கும் முறுக்குவிசை 30 நியூட்டன் மீட்டர்.

திருச்செந்தூர், உவரிப் பக்கம் அடிக்கடி போகிற வண்டிக்கு, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, பிரேக் காலிப்பர் பின்களை வருடத்துக்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் வையுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டயரில் 2319 என்று இருந்தால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. கட்டை தேயாவிட்டாலும் ஆறு வருடத்துக்கு மேல் அதை வேகத்துக்கு நம்ப வேண்டாம்.

வளைகுடாவில் இருப்பவர்கள் வீட்டில் விட்டுப்போன வண்டிகள் வேறு விதமாகக் கெடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், எலி ஒயரைக் கடிக்கும். தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் ஆயிலில் ஈரம் சேருமே தவிர நன்மை இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓட்ட ஆள் வையுங்கள்.

இந்தப் பக்கத்தில் பழைய வண்டி வாங்குவோர் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறக்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து மண் கறை உண்டா என்று பாருங்கள். ஸ்டெப்னி குழியையும், கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

செலவுக் கணக்கை வருடம் பார்த்துப் போடுங்கள். ஆயில், ஃபில்டர், இன்சூரன்ஸ் வருடச் செலவு. பெல்ட், டயர், கூலண்ட் ஹோஸ்கள் ஐந்து வருடச் செலவு. அந்த ஐந்து வருடத் தொகையை அறுபது மாதத்தால் வகுத்து மாதந்தோறும் தனியே எடுத்து வையுங்கள். பதினைந்து வருடம் கடந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிப்பும் பசுமை வரியும் உண்டு. அதற்கு மேல் ஒரு பெல்ட் வேலைக்கு ஆகும் பணம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அது சேரும் வரை ரீமேப் (சக்தியைக் கூட்ட எஞ்சின் மென்பொருளை மாற்றுவது), பெரிய எக்ஸாஸ்ட் எதையும் தொடாதீர்கள்.