டொம்கட்டில் வெப் அப்ளிகேஷன் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துச் சங்கங்களுக்கும் பால் சேகரிப்பு நிலையங்களுக்கும் ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுப்பவர்களுக்கு இது. ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சேர்வர் மென்பொருள் அப்பாச்சி டொம்கட் 9 என்று வைத்துக்கொள்வோம்.

பயனர் ஏற்றும் படங்களையும் காணி உறுதிப் பிரதிகளையும் அப்ளிகேஷனின் கோப்புறைக்குள்ளேயே சேமிப்பதுதான் இருப்பதில் மோசமான தவறு. புதிய வார் கோப்பை (அப்ளிகேஷன் முழுவதையும் ஒன்றாகச் சுருக்கிய பொதி) போட்டதும் டொம்கட் பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக விரிக்கும். ஏற்றியதெல்லாம் அதோடு போகும், பிழைச்செய்தி ஒன்றுகூட வராது. வெளியே தனிக் கோப்புறை ஒன்று வையுங்கள். உபுண்டு லினக்ஸில் அதன் மென்பொருள் நிறுவியான ஆப்ட் மூலம் நிறுவிய டொம்கட் 9 என்றால், அனுமதி சரியாகக் கொடுத்தும் எழுத முடியாமல் போகலாம். சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியின் அமைப்பில் 'ரீட்ரைட்பாத்ஸ்' வரியில் அந்தப் பாதையையும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது மெதுவான இணைப்பு. 60 எம்பி வாரை ஒட்டுசுட்டானிலிருந்து போன் டேட்டாவில் நேரே டொம்கட் அப்ளிகேஷன்களை எடுக்கும் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள் ஏற்றினால், பாதி வந்த கோப்பையே டொம்கட் விரிக்கப் பார்க்கும். வழக்கமான அமைப்பில் 10 செக்கனுக்கு ஒருமுறை அது அங்கே எட்டிப் பார்க்கிறது. லொக்கில் ஸிப் பிழை விழும், தளத்தில் 404 வரும். சேர்வரின் அதே டிஸ்கில் வேறோர் இடத்தில் முழுதாக ஏற்றி முடித்து, பிறகு 'எம்வி' கட்டளையால் நகர்த்துங்கள். டிஸ்க் மாறினால் நகர்த்தலும் வெறும் பிரதியெடுப்புத்தான்.

தமிழ் எழுத்துதான் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கிறது. டொம்கட் 9 முகவரியிலுள்ள எழுத்தை, தமிழும் அடங்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் வாசிக்கும், ஆனால் போஸ்ட் முறையில் அனுப்பும் படிவத்தை லத்தீன் எழுத்துக்கான ஐஎஸ்ஓ-8859-1 ஆகவே எடுக்கும். 'கிளிநொச்சி' யுனிகோட்டில் 10 குறியீடுகள், யுடிஎஃப்-8 இல் 30 பைட். பிழையாக வாசித்தால் அது 30 எழுத்தாகிவிடும். 20 எழுத்துக்கு அமைத்த புலத்தில் ஊர்ப்பெயர் ஏன் அடங்கவில்லை என்று மண்டையை உடைப்பது இதனால்தான். வரும் படிவத்தை யுடிஎஃப்-8 ஆக வாசிக்கச் சொல்லும் எழுத்துக் குறியீட்டு ஃபில்டரை, அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பான வெப் எக்ஸ்எம்எல்லில் மற்ற எல்லா ஃபில்டருக்கும் முன்னால் வையுங்கள். ஒரு பராமீட்டரை வாசித்த பிறகு குறியீட்டை மாற்றிப் பயனில்லை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் அட்டவணை யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். தரவுத்தளத்திலேயே கேள்விக்குறிகள் கிடந்தால் அந்தத் தரவு போனதுதான். குறியிட்ட லத்தீன் எழுத்துகள் (à போன்றவை) தெரிந்தால் பெரும்பாலும் மீட்கலாம்.

வாடகை சேர்வரின் கடிகாரம் அநேகமாக யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். காலை 5 மணிக்கு அளந்த பால் முந்தைய நாள் கணக்கில் விழும், ஏனென்றால் யுடிசியில் அப்போது இரவு 11.30. டொம்கட் தொடங்கும்போது வாசிக்கும் செட்இஎன்வி கோப்பில் ஜாவாவின் நேர வலயத்தை ஏசியா/கொழும்பு என்று கொடுங்கள். ஏற்கெனவே விழுந்த பதிவுகள் தாமாகத் திருந்தா, அவற்றைத் தனியே சரிபார்க்க வேண்டும்.

80ஆம் போர்ட் வேண்டும் என்பதற்காக டொம்கட்டை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டாதீர்கள், முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வரை வைத்து டொம்கட்டின் 8080ஆம் போர்ட்டுக்கு அனுப்பினால் போதும். அப்ளிகேஷன்களை நிர்வகிக்கும் மனேஜர் பக்கத்தை அதே கணினியிலிருந்து மட்டும் திறக்கவிடும் கட்டுப்பாட்டை நீக்கி உலகத்துக்கே திறந்துவிடுவதும் வேண்டாத வேலை.

டொம்கட் 10க்குத் தாவுவோர் கவனிக்க: அதில் நிரலில் வரும் 'ஜாவாக்ஸ்' சேர்வ்லெட் பொதிப் பெயர்கள் 'ஜகார்த்தா' ஆகிவிட்டன, பழைய வார் அப்படியே ஓடாது. அதை 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்ற கோப்புறையில் போட்டால் டொம்கட்டே மாற்றித் தரும். அந்தக் கோப்புறை இல்லாவிட்டால் நீங்களே உருவாக்குங்கள்.