ஐசிஜி சாயத்தில் சுண்டெலியைப் படமெடுக்க: குப்பியிலிருந்து கேமரா வரை

எங்கள் ஆய்வகத்தில் இமேஜிங் கருவிக்கு நான்தான் பொறுப்பு. புதிதாக வரும் மாணவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "அக்கா, எக்ஸ்போஷர் எவ்வளவு வைக்கணும்?" கேமரா ஒளியை வாங்கும் அந்த நேரக் கணக்குக்கு அப்புறம் வருவோம். படம் கெடுவது பெரும்பாலும் சாயம் கரைக்கும் மேசையிலேயே நடந்துவிடுகிறது.

இண்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐசிஜி, 1950களில் கோடாக்கின் புகைப்பட ஆராய்ச்சியில் உருவான சாயம். இன்றும் மருத்துவமனைகளில் ஊசி வழியே மனிதர்களுக்குச் செலுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை இரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். 900 நானோமீட்டரைத் தாண்டினால் தண்ணீர் விழுங்கத் தொடங்கும். 700 முதல் 900 வரை உள்ள இடைவெளியில்தான் தசைக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க முடியும். ஐசிஜி ஒளியை வாங்குவதும் திரும்ப ஒளிர்வதும் அதற்குள்ளேதான்.

25 மில்லிகிராம் குப்பிக்கு 10 மில்லி ஊசி நீர் (ஊசி மருந்து கரைக்கும் தூய நீர்) விடுங்கள். சலைன் என்னும் உப்புநீரும், பிபிஎஸ் என்னும் பாஸ்பேட் உப்புக் கரைசலும் வேண்டவே வேண்டாம். உப்பு சேர்ந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், சில சமயம் அடியில் படியவும் செய்யும். மெதுவாகச் சுழற்றிவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துகள் ஏதும் மிதக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபாயிலில் சுற்றி வையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். மிச்சத்தை ஃப்ரீஸரில் போட்டு அடுத்த வாரம் எடுக்கும் சிக்கனம் இங்கே செல்லாது.

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள்: கறுப்பு 96 குழித் தட்டில் ஸ்டாக்கை, அதாவது குப்பியில் கரைத்த கரைசலை, பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், கேமராவில் வையுங்கள். கண்ணுக்குக் கரும்பச்சையாகத் தெரியும் முதல் குழிகள் திரையில் மங்கிக் கிடக்கும். பச்சையே இல்லாதது போலிருக்கும் குழி பளிச்சென்று எரியும். செறிவு கூடினால் மூலக்கூறுகள் பக்கத்து மூலக்கூறின் ஒளியையே அணைத்துவிடுகின்றன. அதனால் 'வெளிச்சம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் சாயம் ஏற்றலாம்' என்று கை நீளும்போது இந்தத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மில்லிக்குச் சில மைக்ரோகிராம் அளவில் நீர்த்தால், ஒளி உறிஞ்சும் வரைபடத்தில் 780 நானோமீட்டரில் உயரமான சிகரம் நிற்கும்; 700 பக்கத்துச் சிறு மேடு அதைவிட உயர்ந்திருந்தால் சாயம் திரண்டிருக்கிறது, அந்தக் குப்பியை விட்டுவிடுங்கள். இரத்தப் புரதமான அல்புமினைச் சேர்த்துப் பாருங்கள், சிகரம் 805 பக்கம் நகரும். இரத்தத்துக்குள் நடப்பதும் இதுதான்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் 25 கிராம் சுண்டெலிக்கு 25 மைக்ரோகிராம். ஸ்டாக்கை அதே ஊசி நீரில் பத்து மடங்கு நீர்த்தால் 100 மைக்ரோலிட்டர் சரியாக வரும். முடியை முந்தின நாளே நீக்கிவிடுங்கள். கறுப்பு சுண்டெலியில் முடி முளைக்கும் இடங்களில் தோலும் கறுத்திருக்கும். அங்கே ஒளி குறைவதைப் பார்த்துக் கதை கட்டாதீர்கள். குதிரைமசால் கலந்த தீவனத்தின் பச்சையம் குடலில் ஒளிர்வது 700 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் சாயங்களுக்குப் பெரிய தலைவலி. ஐசிஜி 830 பக்கம் ஒளிர்வதால் இங்கே அவ்வளவு தொல்லை இல்லை.

ஊசி போடுவதற்கு முன் ஒரு படம், அதே எக்ஸ்போஷரில். இதை விட்டவர்களுக்கு நான் கருவி நேரம் தருவதில்லை. வாலில் சிந்திய துளி மொத்தப் படத்தையும் வெளுக்கவைக்கும், துடைத்துவிட்டு மறையுங்கள். மறைக்கும் கறுப்புக் காகிதத்தையும் முதலில் தனியாகப் படமெடுங்கள். நம் கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் பல காகிதங்களும் துணிகளும் இந்த அலைநீளத்தில் வெள்ளைபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும்.

முதல் நிமிடத்தில் இரத்தக் குழாய்கள் தெரியும். சில நிமிடங்களிலேயே கல்லீரல் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், பிறகு பித்தத்தோடு குடலுக்குப் போகும். சிறுநீரகம் வழியாகப் போவதில்லை. எக்ஸ்போஷர் கேள்விக்குப் பதில் இங்கேதான்: படத்தில் கல்லீரலின் ஒளி கேமராவின் உச்ச அளவைத் தாண்டி வெளுத்துப்போகாத அளவுக்கு வைத்து, கடைசிப் படம் வரை மாற்றாதீர்கள். ஆட்டோ வேண்டாம். ஒப்பிடும் படங்களுக்கெல்லாம் வண்ண அளவுகோலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

புற்றுநோய்க் கட்டியைக் குறிபார்க்க வேண்டுமென்றால் வெறும் ஐசிஜி போதாது. 800 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் சாயத்தின் என்ஹெச்எஸ் எஸ்டரை (புரதத்தின் அமைன் தொகுதிகளோடு ஒட்டிக்கொள்ளும் வடிவத்தை), கட்டியைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி புரதத்தோடு இணைக்க வேண்டும். பிஹெச் 8.5 அருகே இருக்கட்டும். ட்ரிஸ், கிளைசின், அல்புமின் கலந்த ஆன்டிபாடியை முதலில் இவை இல்லாத பஃபருக்கு (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலுக்கு) மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாயம் அவற்றோடுதான் சேரும். ஆன்டிபாடி ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு சாய மூலக்கூறு போதும். அதற்கு மேல் ஏற்றினால் ஒளியும் அணையும், கல்லீரலும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இணையாத சாயத்தை உப்பு நீக்கும் வடிகுழாயில் (desalting column) கழித்த பிறகுதான் ஊசியைத் தொடுங்கள்.