2 டன் ஃபோர்க்லிஃப்ட் 2 டன் தூக்காது: எந்த வேலைக்கு எந்த வண்டி?

எங்கள் பிளைவுட் குடோனுக்கு முதன்முதலில் ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு எடுத்தபோது நான் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை டன்?" இரண்டு டன் என்றார்கள். எங்கள் பண்டில் அதற்குக் கீழேதான். சரி, அனுப்புங்கள் என்றேன். மறுநாள் முதல் பண்டிலைத் தூக்கியதுமே பின்சக்கரங்கள் தரையை விட்டு நாலு விரல் எழும்பின. ஆபரேட்டர் அண்ணன் பதறாமல் லிவரை மெல்லத் தள்ளி இறக்கிவிட்டு, "கணக்கு பார்க்காம எடுத்துட்டீங்க தம்பி" என்றார்.

படி 1: டேப்பை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போங்கள்

ரேக்குகளுக்கு நடுவே உள்ள வழியை அளந்துவிடுங்கள். பின்னால் எடைக்கல் வைத்த வழக்கமான வண்டிக்கு (கவுண்டர்பேலன்ஸ்) திரும்ப மூன்றரை முதல் நாலு மீட்டர் வேண்டும். மூன்று மீட்டர்தான் இருக்கிறது, ரேக்கும் உயரம் என்றால் ரீச் டிரக் (ஃபோர்க்கை, அதாவது சரக்கைத் தாங்கும் இரும்புக் கைகளை, முன்னால் நீட்டி எடுக்கும் வண்டி). ஆனால் அதன் சக்கரம் சின்னது, தரை வழவழப்பாக இருக்க வேண்டும். ஜல்லி போட்ட முற்றத்தில் இறக்கினால் அங்கேயே நின்றுவிடும். லாரியில் ஏற்றி இறக்கும் வேலையும் உண்டென்றால் கவுண்டர்பேலன்ஸ்தான்.

சரக்கைத் தரையோடு நகர்த்த மட்டுமா? கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட் டிரக் போதும். ஓரிரு அடுக்கு உயரத்துக்கு ஸ்டேக்கர் என்ற சின்னத் தூக்கு வண்டி. வண்டிதான் கௌரவம் என்று நினைக்காதீர்கள்.

படி 2: லோடு சென்டர் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

வண்டியில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதில் 2000 கிலோவுக்குப் பக்கத்திலேயே 500 மி.மீ. என்றும் இருக்கும். ஃபோர்க்கின் செங்குத்தான முகப்பிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் சரக்கின் எடை மையம் இருந்தால்தான் அந்த 2000 கிலோ. மையம் தள்ளிப் போகப் போக, தூக்கும் திறன் குறையும். சீசா பலகை மாதிரிதான்: முன்சக்கரம் நடுக்கட்டை, ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் எடைக்கல்.

எங்கள் பண்டில் 8x4 ஷீட். 4 அடிப் பக்கம் ஃபோர்க்கின் நீளவாக்கில் வரும்படி எடுத்தாலும் அதன் அகலம் 122 செ.மீ., மையம் 61 செ.மீ. எங்கள் வண்டியில் முன் அச்சிலிருந்து ஃபோர்க் முகப்பு வரை 45 செ.மீ.

2000 × (45+50) ÷ (45+61) = சுமார் 1,790 கிலோ.

19 மி.மீ. ஷீட் 50 அடுக்கினால், ஒன்று 37 கிலோ வீதம் 1,850 கிலோ. போதாததற்கு அந்த வண்டியில் சைடு ஷிஃப்டர் (ஃபோர்க்கை இடவலமாக நகர்த்தும் கருவி) வேறு மாட்டியிருந்தது, அதன் எடையும் தடிமனும் திறனை இன்னும் குறைக்கும். அப்புறம் பின்சக்கரம் எழாமல் என்ன செய்யும்?

இது தோராயக் கணக்குதான். உயரத்துக்குப் போகும்போது திறன் இன்னும் குறையும், அதனால் உங்கள் மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம்) உயரத்துக்கான அளவைத் தகட்டிலேயே பாருங்கள். தகடு இல்லாத வண்டியை வாடகைக்கும் எடுக்காதீர்கள். நாங்கள் 3 டன்னுக்கு மாறிவிட்டோம்.

படி 3: டீசலா, பேட்டரியா?

மூடிய குடோனுக்குள் டீசல் வேண்டாம் என்பதே என் கட்சி. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, சரக்கு மேலும் கரி படியும். வெளி முற்றமும் மழையும் என்றால் டீசல் சரி. ஒரே ஷிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு லெட் ஆசிட் பேட்டரி போதும். இரவு சார்ஜ் போட்டு, சார்ஜ் முடிந்த பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு ஷிஃப்ட் என்றால் லித்தியம்தான், சாப்பாட்டு நேரத்திலேயே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை: கண்டெய்னருக்குள் போன வண்டியில் மேல் அடுக்கை எடுக்கப் போய் மாஸ்ட் கூரையில் இடித்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். சாதாரணக் கண்டெய்னரின் கதவு உயரம் சுமார் 2.28 மீட்டர்தான். இறக்கிய நிலையில் மாஸ்ட் அதற்குக் கீழே இருந்தால் மட்டும் போதாது. மாஸ்ட் நீளாமலே ஃபோர்க் மேலே ஏறும் வசதியும் வேண்டும். வாடகைக்காரரிடம் "ஃபுல் ஃப்ரீ லிஃப்ட் மாஸ்ட்" என்றே கேளுங்கள், புரிந்துகொள்வார்.