வீட்டின் நேரத்தையும் பணத்தையும் ஒரே கணக்கில் எழுதும் முறை

வரவு செலவுக் கணக்கு எழுதும் வீடுகள் பல உண்டு; நேரத்துக்குக் கணக்கு எழுதுபவர் அரிது. இரண்டையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவரும் வழியை 1965-இல் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் வகுத்தார். ஒரு பொருளின் முழு விலை என்பது அதற்குக் கொடுக்கும் பணமும், அதற்காகச் செலவாகும் நேரத்தின் மதிப்பும் சேர்ந்தது என்பதே அதன் அடிப்படை. மதுரையில் வீட்டிலிருந்தபடி மல்லிகை கட்டும் ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் ஒரு வார நாட்குறிப்பு வேண்டும். 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் போல, அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை அரை மணிக் கூறுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தொடங்கினால் ஒரே இரவுத் தூக்கம் இரண்டு நாளாக உடையும். பூக் கட்டிக்கொண்டே பிள்ளைக்குப் பாடம் சொன்னால் இரண்டையும் எழுதி, முதன்மையானதைக் குறியுங்கள். இல்லாவிட்டால் நாள் 24 மணியைத் தாண்டிவிடும்.

அடுத்து, இட்லி மாவை அரைப்பதா வாங்குவதா என்ற ஒரே முடிவை எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. மாவு பாக்கெட் 50 ரூபாய்; அதே அளவுக்கு அரிசி, உளுந்து, மின்சாரம் சேர்ந்து 30 ரூபாய்; களைந்து, அரைத்து, கிரைண்டரைக் கழுவி வைக்க 45 நிமிடம். ஊறும் நேரத்தையும் புளிக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டாம். அவை யாரையும் பிடித்து வைப்பதில்லை. மிச்சமாகும் 20 ரூபாயை முக்கால் மணியால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 27 ரூபாய். பூக் கட்டும் அந்தப் பெண்ணின் ஒரு மணி நேரம் இதைவிட மதிப்புள்ளதானால் வாங்குவதே சிக்கனம். (கணவருக்கும் தனி வரிசை போடுங்கள், மாவை அவரும் அரைக்கலாம் என்பதைக் கணக்குப் போடுபவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.)

அந்த மதிப்பை நிர்ணயிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பூக் கட்டி மணிக்கு 40 ரூபாய் கிடைக்கிறது என்பதற்காக நாள் முழுவதற்கும் 40 என்று போட்டுவிடக் கூடாது. மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே கட்டியாக வேண்டும். மாலையில் மலரத் தொடங்கிவிடும். ஆகவே நண்பகலில் அந்த முக்கால் மணி கிரைண்டர் முன் நின்றால் 30 ரூபாய் கூலி போகும். இரவு 8 மணிக்கு நின்றால் போவது ஓய்வுதான். திருமணங்கள் இல்லாத மார்கழியில் பனியால் மல்லிகை வரத்தும் குறைந்துவிடுவதால், நண்பகலின் மதிப்பே இறங்கிவிடும். எனவே நாளையும் பருவத்தையும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு கொடுங்கள்.

ஓய்வுக்குச் சுழியம் போட வேண்டாம். இரவில் அரைக்க வாய்ப்பிருந்தும் அவர் பாக்கெட் மாவையே வாங்கியதாக நாட்குறிப்பு காட்டினால், அவருடைய இரவு ஓய்வு மணிக்கு 27 ரூபாய்க்குக் குறையாது என்று எழுதிக்கொள்ளலாம்.