பிளவுஸ் அளவும் பிரஷர் அளவும்

இருபத்தாறு வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். கைச்சுற்று அரை அங்குலம் பிசகினால் கல்யாணத்துக்கு முந்தின நாள் துணியோடு வாசலில் வந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட நான், என் கையை அளக்காமலே ஒரு பிரஷர் கருவியை வாங்கி இரண்டு மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

காலையில் 162, மாலையில் 158 என்றே காட்டிக்கொண்டிருந்தது. "அந்தப் பட்டையைக் கொண்டுவாருங்கள் அம்மா" என்றார் டாக்டர். ஓரத்தில் 22 - 32 செ.மீ. என்று அச்சிட்டிருந்தது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நாடாவைச் சுற்றினேன்: 14 அங்குலம். நாடாவின் மறுபக்கத்தில் முப்பத்தைந்தரை சென்டிமீட்டர். கைக்குச் சிறிதான பட்டை கூட்டிக் காட்டும். தொளதொளப்பானது குறைத்துக் காட்டும். பெரிய பட்டைக்கு மாறியதும் 144 வந்தது. அதுவும் பிரஷர்தான், ஆனால் அது என்னுடைய பிரஷர்.

ஆகவே கருவி வாங்கும்முன் கையை அளந்துகொண்டு போங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம். மேல்கையில் கட்டுவதே நம்பகமானது.

பார்ப்பதற்கு அரை மணி முன்பிருந்து காபி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மெஷினை மிதித்த காலோடு எழுந்துவந்து பார்த்தால் ஏறித்தான் இருக்கும். சம்மணம் வேண்டாம், கால்மேல் காலும் வேண்டாம். பாதம் தரையில் பதியட்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். என் மேசை தாழ்வு என்பதால் மடித்த லைனிங் துணியை அடியில் வைக்கிறேன். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, வெறும் தோலில் பட்டையைக் கட்டுங்கள். இறுக்கமான பிளவுஸ் கையைச் சுருட்டி ஏற்றாதீர்கள். அதுவே கயிறு கட்டினாற்போல் பிடிக்கும். கருவி ஓடும்போது பேசவும் கூடாது. எனக்கு இதுதான் கஷ்டம்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் சாப்பாட்டுக்கு முன், ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டில் 135/85. அதைத் தொட்டால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். 180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் மறுபடி பார்க்கவெல்லாம் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 128 வந்த வாரம் நான் நிறுத்தினேன். நன்றாகத் திட்டு வாங்கினேன். இடுப்புவலிக்கு நான் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றக்கூடியவையாம். மாமியாருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவர் ஒரு வேளைகூடத் தவறுவதில்லை.

உப்புக்கு என் வழி ஒன்று சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் நான்கு பேர். ஒரு கிலோ பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ளது தனி. பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேல் எழுதிவைத்தேன். 30 நாளில் காலி! சோற்று உலையில் உப்புப் போடுவதை நிறுத்தினேன், தயிர்சாதத்துக்கும் இல்லை. வீட்டில் இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள், பிறகு நாக்கு பழகிவிட்டது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

இப்போதைய பாக்கெட்டுக்கு இன்றோடு 46 நாள். அடியில் இன்னும் இரண்டு கைப்பிடி கிடக்கிறது.