ரிக்டோஃபனைச் சுட்டது யார்: ஈர்க்குச்சியும் வரைபடமும் வைத்துச் சரிபார்க்கும் முறை

1918 ஏப்ரல் 21 ஞாயிறு, காலை 11 மணிக்குச் சற்று முன். பிரான்சில் சோம் ஆற்றங்கரையில், வோ-சூர்-சோம் ஊருக்கு வடக்கே, கோர்பி–பிரே சாலையோர வயலில் 425/17 எண் கொண்ட சிவப்பு ஃபோக்கர் மூவிறக்கை விமானம் இறங்கியது. முதல் உலகப்போரில் 80 விமானங்களை வீழ்த்திய ஜெர்மன் விமானி மான்ஃபிரட் ஃபான் ரிக்டோஃபனுக்கு அப்போது வயது 25. உடலில் பாய்ந்தது ஒரே குண்டு. அது யாருடையது என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. சாட்சிகளைப் படிக்குமுன் கீழே உள்ளதைக் கையால் செய்து பாருங்கள். வேண்டியவை: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், நீளமான தென்னை ஈர்க்குச்சி, அட்டை, அந்தப் பகுதியின் அளவுகோல் உள்ள வரைபடம், கவராயம்.

முதலில் ஒரு வீண்வேலையைத் தவிர்த்துவிடுங்கள். குண்டின் விட்டத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த கனடாக்காரர் கேப்டன் ராய் பிரவுனின் சாப்வித் கேமல் விமானத்தில் இருந்த இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், தரையில் ஆஸ்திரேலிய சார்ஜென்ட் செட்ரிக் பாப்கினின் விக்கர்ஸ், பீரங்கிப்படையின் ராபர்ட் பூயியும் ஸ்நோவி எவன்ஸும் சுட்ட லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள், சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கி, எல்லாவற்றிலும் .303 அங்குலக் குண்டுதான்.

பாட்டில்தான் உடல். முன்பக்கம் எது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். குண்டு நுழைந்தது வலப்பக்க ஒன்பதாவது விலா எலும்பருகே: அக்குளின் பின்மடிப்புக்கு நேர் கீழே, தோள்பட்டை எலும்பின் கீழ்முனையை விடச் சற்றுத் தாழ்வாக. வெளியேறியது இடது மார்புக்காம்பை ஒட்டி, நுழைந்த இடத்தை விட உயரத்தில். இரண்டு இடத்திலும் சூடான ஊசியால் துளையிட்டு ஈர்க்குச்சியைச் செருகுங்கள். வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனை சுட்டவர் இருந்த திசையைக் காட்டும்: வலது, கொஞ்சம் பின்னால், கொஞ்சம் கீழே.

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். "கீழிருந்து வந்தது, ஆகவே தரையிலிருந்து" என்று முடித்துவிடுவார்கள். ஈர்க்குச்சி காட்டுவது உடலை வைத்துப் பார்த்த திசை மட்டுமே, பூமியை வைத்து அல்ல. அட்டையில் விமானம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டுப் பாட்டிலை நிறுத்துங்கள். விமானத்தை இடப்பக்கம் சாயுங்கள், அதாவது இடது இறக்கை கீழே. குச்சியின் வலமுனை மேலே எழும்பும். போதிய அளவு சாய்த்தால் குண்டு மேலிருந்து வந்ததுபோல் ஆகிவிடும். வலப்பக்கம் சாய்த்தால் முனை இன்னும் தாழும். ஆகவே திருப்பத்தில் சாய்ந்திருந்த விமானத்துக்கு மேல், கீழ் என்ற வாதம் தனியாக நிற்காது. வலம், இடம் என்பதே உறுதியான பிடி.

அந்தப் பிடியைக் கொண்டு ஒவ்வொருவரையும் பாருங்கள். பூயி விமானம் தன்னை நோக்கி வந்தபோது முன்னாலிருந்து சுட்டார். குச்சி அதற்கு இடம் தராது. பிரவுன் பின்னால், மேலே, இடப்பக்கமாகப் பாய்ந்தார் என்பதே பரவலாக ஏற்கப்பட்டது. அந்தத் திசைக்குக் குச்சி பொருந்தும்வரை பாட்டிலை மட்டும் வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். குறுகலான இருக்கையில் இருப்பவர் தோளைத் திருப்பிப் பார்க்கலாம். ஒன்பதாவது விலா அந்த அளவுக்குத் திரும்பாது. பாப்கின் இரண்டு முறை சுட்டார். இரண்டாவது முறை, ரிக்டோஃபன் ஜெர்மன் எல்லைப் பக்கம் திரும்பிப் போகும்போது, அவருடைய வலப்பக்கத்திலிருந்து.

குச்சியையும் முழுசாக நம்பிவிடாதீர்கள். உடலை அறுத்துப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தார்கள், காயத்துக்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள். சின்க்ளேர், நிக்சன் என்ற இரு மருத்துவர்கள் குண்டு முதுகெலும்பில் பட்டுத் திசைமாறி வெளியேறியதாக எழுதினார்கள். அது சரியென்றால் நேர்க்கோடு பொய். நுழைந்த பக்கம் மட்டுமே சாட்சி. தரையிலிருந்து சுட்டிருக்கவே முடியாது என்று அப்போதே கையெழுத்திட்ட மருத்துவர்களும் உண்டு. அவர்கள் விமானத்தின் சாய்வைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்டுப் படியுங்கள்.

இனி வரைபடம். வழக்கின் கனமான பகுதி இதுதான். அந்த விமானம் தாழப் பறக்கையில் மணிக்குச் சுமார் 180 கி.மீ., அதாவது விநாடிக்கு 50 மீட்டர் என்று வையுங்கள். நெஞ்சைக் குறுக்கே துளைத்த இந்த மாதிரிக் காயத்தோடு கட்டுப்பாடாக ஓட்ட 20 முதல் 30 விநாடி கொடுக்கலாம். அதாவது 1 முதல் 1.5 கி.மீ. விழுந்த இடத்தை மையமாக வைத்து 1.5 கி.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். வளைந்து நெளிந்து போன பாதைக்கு இது அதிகபட்சம். பிரவுன் சுட்ட பிறகும் ரிக்டோஃபன் பிரவுன் அணியின் புதுமுக விமானி வில்ஃபிரட் மேயை விடாமல் துரத்தினார். இரண்டு நிமிடம் வரை என்று கணக்கிடுபவர்கள் உண்டு. ஒரு நிமிடம் என்றே வைத்தாலும் 3 கி.மீ. அந்தத் தாக்குதல் வட்டத்துக்குள் வருமா என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

கடைசியாகச் சாட்சியங்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். பிரவுனின் சண்டை அறிக்கை 1918-ஐச் சேர்ந்தது. அவர் பக்கமே அதிகாரபூர்வமாக வெற்றி எழுதப்பட்டது. ஆனால் ஒரு படைப்பிரிவு தன் கணக்கில் எழுதிக்கொண்டது உடற்கூறு முடிவாகாது. பாப்கின் வரைபடத்தோடு எழுதிய கடிதம் 1935-ஐச் சேர்ந்தது; 17 ஆண்டு பழைய நினைவு, தூரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலை தரையிலிருந்து சுட்ட துப்பாக்கிகள் பல. ஆகவே உங்கள் குறிப்பில் "தரையிலிருந்து, வலப்பக்கம்" என்பதை மையால் எழுதுங்கள். பாப்கின் பெயரைப் பென்சிலால்.